புது எலக்ட்ரிக் கிற்றார் படுத்தும் பாடு: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

"புதுசுதானே, அதுக்கேன் செற்றப்?" கிளிநொச்சிப் பக்கம் பிள்ளைக்குக் கிற்றார் வாங்கிக் கொடுக்கிற அப்பாமார் வழக்கமாகக் கேட்பது இது. செற்றப் என்றால் கிற்றாரை வாசிக்க வசதியாக, சுருதி நிற்கும்படி சரிசெய்வது. நியாயமான கேள்விதான். சோதித்துப் பார்க்காமல் விடக்கூடாது என்பது என் பதில். சோதித்ததில் எல்லாம் சரியாக இருந்தால், காசு கொடுத்துக் கிண்டவும் தேவையில்லை.

விலை குறைந்த கிற்றார்களைத் தொழிற்சாலையில் ஒவ்வொன்றாக வைத்து மினக்கெட மாட்டார்கள். கம்பியைச் சற்று உயரமாகவே விட்டு அனுப்பிவிடுவார்கள். அது கடல் கடந்து, கொழும்புக் கடையின் ஏசிக்குள் மாதக்கணக்கில் தொங்கி, 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில், கடைசியில் ஏ9 வீதியால் வந்து, மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு தகரக் கூரையின் கீழ் சேர்கிறது. கனடாவிலிருந்து மாமா பெட்டியில் போட்டு அனுப்பியதென்றால் கதை இன்னும் நீளம். மரம் ஈரத்தைக் குடிக்கும், வெளியே விடும். அதற்கேற்ப நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி, வளையும். இதைப் பழுது என்று சொல்ல முடியாது.

அதனால் கொண்டுவந்த அன்றே அலன் கீயைத் தூக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள் இருக்கட்டும். தகரத்துக்கு நேர் கீழேயோ வெயில் படும் யன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். பிறகு புதுக் கம்பி மாட்டுங்கள். கடையில் தொங்கிய கம்பியை வைத்து எதை அளந்தாலும் அளவு பொய்யாகத்தான் வரும். 9, 42 கட்டா, 10, 46 கட்டா (மிக மெல்லிய கம்பியும் மிகத் தடித்த கம்பியும் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது) என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பிறகு மாற்றினால் இழுவிசை மாறும், செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். போனில் ஒரு டியூனர் ஆப், கிற்றாரோடு வந்த அலன் கீக்கள், நட்சத்திரத் தலை ஸ்குரூ ட்ரைவர், அரை மில்லிமீற்றர் கோடு போட்ட இரும்பு அடிமட்டம். இன்னொன்று பீலர் கேஜ். கிற்றார் கடையில் தேடி அலைய வேண்டாம். மோட்டார் சைக்கிள் திருத்துகிற எந்த கராஜிலும் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருப்பார்கள். கேட்டால் ஒரு பின்னேரத்துக்கு இரவல் தருவார்கள். அதில் 0.25 மி.மீ. தகடுதான் நமக்குத் தேவை.

ஒழுங்கு முக்கியம்: கம்பி, டியூனிங், நெக்கின் வளைவு, கம்பியின் உயரம், கடைசியில் சுருதிப் பொருத்தம். முன்னது மாறினால் பின்னது எல்லாம் மாறும்.

"டியூன் நிக்குதில்லை"

அரைவாசிப் பேர் இதைச் சொல்லித்தான் கிற்றாரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். பெரும்பாலும் கோளாறு கம்பி மாட்டிய விதத்தில்தான்.

புதுக் கம்பி இழுபடும். மாட்டியதும் ஒவ்வொரு கம்பியையும் 12ஆம் பிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பக்கம் பிடித்து மெல்ல மேலே இழுத்துவிட்டு மறுபடி டியூன் செய்யுங்கள். சுருதி இறங்காமல் நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். டியூனிங் கீயில் தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று போதும். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், கீழ்நோக்கி வரிசையாக இறங்கட்டும். சுருதி கூடிவிட்டால் அப்படியே இறக்கி நிறுத்த வேண்டாம்; தேவைக்குக் கீழே கொண்டுபோய், பிறகு ஏற்றி நிறுத்துங்கள். இறக்கி நிறுத்தினால் டியூனிங் கீயின் பல்லுக்கு இடையில் உள்ள தளர்வு அடுத்த நிமிடமே கம்பியை இன்னும் இறக்கிவிடும்.

டியூன் செய்யும்போது "டிங்" என்று ஒரு சத்தம் வந்து, சுருதி திடீரென்று துள்ளுகிறதா? கம்பி நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் படிந்து கிடக்கும் சிறு துண்டு) பள்ளத்தில் சிக்கி நிற்கிறது. பென்சிலைக் கூர்தீட்டி, அந்தப் பள்ளத்துக்குள் கரியைத் தடவுங்கள். சிரிக்காதீர்கள், வேலை செய்யும். அதற்கும் விடவில்லையென்றால் பள்ளம் கம்பிக்குக் காணாது. அதை அராவ வேண்டும், அந்த வேலை தெரிந்தவரிடம் போகட்டும்.

சுருதியை அசைக்கும் விப்ராட்டோ தண்டு உள்ள ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் போன்ற) வகையென்றால் ஒரு படி கூட. பின்பக்க மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளும், அவற்றைப் பிடித்திருக்கும் தகடும், இரண்டு பெரிய ஸ்குரூக்களும் தெரியும். உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் பின்பக்கம் உடலிலிருந்து அளவுக்கு மீறி எழும்பி நின்றால், கம்பியின் இழுவை ஸ்பிரிங்கை வென்றுவிட்டது என்று பொருள். அந்த இரண்டு ஸ்குரூவையும் சமமாக இறுக்கி, டியூன் செய்து, மறுபடி பாருங்கள். தொடக்கக்காரர் யாராவது என்னிடம் கேட்டால், நன்றாக இறுக்கி, பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும்படி விடச் சொல்வேன். தண்டை மேலே இழுக்க முடியாது, உண்மை. பாட்டின் நடுவில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் டியூன் மாறாமல் நிற்கும். திருவிழா மேடையில் அதுதான் பெரிய விஷயம்.

"கிர்ர் எண்டு உரசுது"

முதலில் ஒரு கேள்வி: அம்ப்பில் (கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) கேட்கிறதா, கிற்றாருக்குப் பக்கத்தில் காது வைத்தால் மட்டும் கேட்கிறதா? அம்ப்பில் வராத சின்ன உரசலை விட்டுவிடுங்கள். கம்பி தாழ்வாக உள்ள எலக்ட்ரிக் கிற்றாரில் அது இருக்கத்தான் செய்யும். அதையும் ஒழிக்கிறேன் என்று வெளிக்கிட்டால் கம்பியை உயர்த்தி உயர்த்தி விரல்தான் புண்ணாகும்.

அம்ப்பிலும் கேட்டால், எங்கே உரசுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு பிரெட்டாக மெல்ல மீட்டுங்கள். இந்த ஒரு சோதனையே பாதி வேலை.

விரல் வைக்காமல் திறந்து மீட்டினால் மட்டும் உரசல், முதலாம் பிரெட்டில் விரல் வைத்ததும் போய்விடுகிறது என்றால் நட்டில் அந்தக் கம்பியின் பள்ளம் ஆழமாகிவிட்டது. நட் மாற்ற வேண்டும். புதுக் கிற்றாரென்றால் கடையிடம் கேட்கலாம்.

முதல் நாலைந்து பிரெட்டில் உரசி, மேலே போகப் போகச் சரியாகிறதென்றால் நெக் அளவுக்கு மீறி நேராகவோ பின்னுக்கு வளைந்தோ இருக்கிறது. இதற்குத்தான் ட்ரஸ் ராட். நெக்குக்குள் ஓடும் இந்த இரும்புக் கம்பிக்கு கிப்சன் தொழிற்சாலையில் வேலை செய்த தாடியஸ் மக்ஹியூ 1923இல் காப்புரிமை பெற்றார். நெக்கை வில் என்று வைத்தால் கம்பிகள் நாண். நாண் இழுக்கிற இழுப்புக்கு எதிராக உள்ளிருந்து இழுப்பது இந்தக் கம்பி.

அளப்பது இப்படி. கிற்றாரை வாசிக்கும் நிலையில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் கிடத்தி அளந்தால் அளவு மாறும். தடித்த 6ஆம் கம்பியை முதலாம் பிரெட்டில் கப்போ (கம்பியை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு அழுத்துங்கள். அதே கம்பியை நெக் உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டில் விரலால் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே நேர்கோடு. 8ஆம் பிரெட்டின் மேலே, பிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் எவ்வளவு வெளி? ஃபெண்டர் நிறுவனம் தன் வழக்கமான கிற்றார்களுக்குச் சொல்லும் அளவு சுமார் 0.25 மி.மீ. கராஜில் வாங்கிய தகடு கம்பியைத் தூக்காமல், ஆனால் தொட்டுக்கொண்டு நுழைந்தால் சரி. இடைவெளியே இல்லையென்றால் ராட்டைத் தளர்த்த வேண்டும், அதாவது இடப்பக்கம். வெளி கூடினால் வலப்பக்கம் இறுக்க வேண்டும்.

கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திருப்பி, டியூன் செய்து, மறுபடி அளந்து பாருங்கள். மரம் உடனே முழுதாக அசையாது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். கீ பொருந்தவில்லையென்றால் "கிட்டத்தட்ட சரி" என்று வேறு அளவுக் கீயைப் போட்டுத் திருகவே கூடாது. அங்குலக் கீக்கும் மில்லிமீற்றர்க் கீக்கும் உள்ள சின்ன வித்தியாசம் அந்த அறுகோணப் பள்ளத்தை வட்டமாக்கிவிடும். அதற்குப் பிறகு செலவு கிற்றாரின் விலைக்குக் கிட்ட வரும். திருகும்போது முழுப் பலம் தேவைப்பட்டால் நிறுத்துங்கள். ராட் கடைசி வரை போயிருக்கலாம்.

12ஆம் பிரெட்டுக்கு மேலே மட்டும் உரசினால் முதலில் நெக்கின் வளைவு கூடிவிட்டதா என்று மேலே சொன்னபடி அளந்து பாருங்கள். அது சரியாக இருந்தால் கம்பி தாழ்வு, சாடிலை (பிரிட்ஜில் கம்பி ஏறியிருக்கும் சிறு துண்டு) உயர்த்துங்கள். ஒரே ஒரு பிரெட்டில் மட்டும் உரசினால், அடுத்த பிரெட் மேலே எழும்பியிருக்கிறது. மூன்று பிரெட்டுகளை மட்டும் தொடும் நீளத்துக்கு ஒரு நேரான இரும்பு விளிம்பை வைத்துப் பாருங்கள்; விளிம்பு சீசோவாக ஆடினால் நடுவில் உள்ளதுதான் ஆள். சுத்தியலை எடுக்க வேண்டாம்.

"விரல் நோகுது, எஃப் கோட் பிடிக்கேலாது"

ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் எஃப் கோட் எல்லோரையும்தான் அழ வைத்தது; அதற்காகக் கிற்றாரில் குற்றமில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு சோதனை: 6ஆம் கம்பியை மூன்றாம் பிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலாம் பிரெட்டின் மேலே பாருங்கள். மயிரிழை வெளி இருந்தால் நல்லது. தகடொன்று தாராளமாக நுழைந்தால் நட் உயரம். விலை குறைந்த புதுக் கிற்றார்களில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். நட் உயர்ந்தால் கம்பியைக் கூட அழுத்த வேண்டும். கூட அழுத்தினால் முதலாம் இரண்டாம் பிரெட்டில் சுருதி கூடும். கோட் பிடித்தால் ஒத்துவராது, டியூனரோ திறந்த கம்பிக்குச் சரியென்று சொல்லும். பிள்ளை தன் காதில்தான் குறை என்று நினைத்து வாசிப்பை விட்டுவிடும்.

நட்டை அராவுவதற்குக் கம்பித் தடிப்புக்கு ஏற்ற அரங்கள் வேண்டும். கொஞ்சம் கூட அராவினால் திரும்ப ஒட்ட முடியாது. முழு செற்றப்பில் காசு கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை ஒன்று உண்டென்றால், என்னைக் கேட்டால் இதுதான்.

நட் சரியென்றால் சாடில் பக்கம் வாருங்கள். 17ஆம் பிரெட்டில் கம்பியின் அடிக்கும் பிரெட்டின் தலைக்கும் இடையில் 1.6 மி.மீ. என்பது ஃபெண்டர் சொல்லும் தொடக்க அளவு. கிப்சன் வகைக்கு 12ஆம் பிரெட்டில், தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.2 மி.மீ. அளவில் தொடங்கலாம். இவை தொடக்கம் மட்டுமே. ஓங்கி அடிக்கிற கையென்றால் கொஞ்சம் உயர்த்துங்கள்.

"கீழ டியூன் சரி, மேல போனா பிழைக்குது"

வழக்கமான ஃபெண்டர் வகையில் நட்டிலிருந்து சாடில் வரை 648 மி.மீ. 12ஆம் பிரெட் அதன் நடுவில், 324இல். நடுவில் பிடித்தால் மேல் ஸ்தாயி வரவேண்டும், கணக்குப்படி. ஆனால் விரல் அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபட்டுச் சுருதி கூடுகிறதே? அதை ஈடு செய்யத்தான் சாடிலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். ஒவ்வொரு கம்பிக்கும் எவ்வளவு என்பது தடிப்பைப் பொறுத்தது. சாடில்கள் படிக்கட்டுப்போல் முன்பின்னாக நிற்பது அதனால்தான்.

12ஆம் பிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணியோசை போல ஒன்று வரும். டியூனரில் அதைப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்திப் பாருங்கள். அழுத்தியது கூடினால் சாடிலைப் பின்னுக்கு, குறைந்தால் நெக்கை நோக்கி முன்னுக்கு. ஸ்குரூவைத் திருப்ப முன்பு கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் பிறகு டியூன் செய்தே பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னும் கர்நாடக சங்கீதம் படித்த காது "காந்தாரம் கூடி நிக்குது" என்று சொல்லலாம். அந்தக் காது சரியாகத்தான் கேட்கிறது. பிரெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்தவை. தம்புராவோடு இயல்பாக ஒத்துப்போகும் அந்தர காந்தாரத்தைவிட, கிற்றாரின் காந்தாரம் ஒரு அரைச் சுரத்தின் நூறில் பதினான்கு பங்கு மேலே இருக்கும். எந்த செற்றப்பும் அதை மாற்றாது. சாடிலை வைத்துக்கொண்டு இரவிரவாக மல்லுக்கட்டாதீர்கள்.

"அம்ப் உறுமுது"

இங்கே கிற்றாரைவிட வீட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த அம்ப்பென்றால் பின்பக்கம் எழுதியிருப்பதை வாசியுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. பிளக்குக்கு அடாப்டர் போட்டால் முள்தான் பொருந்தும், வோல்ற் குறையாது. 120 மட்டும் என்று எழுதியிருந்தால் வோல்ற்றைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் இல்லாமல் செருகவே வேண்டாம்.

ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்) உறுமுவது அதன் பிறவிக் குணம். சுற்றியுள்ள வயர், டியூப் லைட், ஃபான் ரெகுலேட்டர் எல்லாவற்றின் காந்தப்புலத்தையும் அது வாங்கிக்கொள்ளும். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டிப்பான 100 ஹேர்ட்ஸும் அந்த உறுமலில் இருக்கும். 6ஆம் கம்பியின் மூன்றாம் பிரெட் ஜி சுரம் 98 ஹேர்ட்ஸ். ஜியில் பாடும்போது உறுமலும் கிட்டத்தட்டச் சுருதி சேர்ந்துகொள்வது இதனால்தான். நாற்காலியோடு ஒரு கால்வட்டம் திரும்பி உட்காருங்கள். உறுமல் குறைந்தால் பழுது ஒன்றுமில்லை, நீங்கள் இருக்கிற இடம்தான் காரணம். மூன்று பிக்கப் உள்ளதென்றால் சுவிட்சின் இரண்டாம், நாலாம் நிலையையும் போட்டுப் பாருங்கள். பல கிற்றார்களில் நடு பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றியிருப்பதால் அங்கே உறுமல் அடங்கும்.

கம்பியைத் தொட்டால் உறுமல் குறைகிறதா? அது வழக்கம். தொட்டால் கூடுகிறதென்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டிருக்கலாம், அல்லது வீட்டில் எர்த்தே சரியில்லை. வன்னியில் இரண்டாவதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. எர்த் கம்பி புதைத்த மண் ஆடி ஆவணிக் கோடையில் காய்ந்து இறுகினால் எர்த் பலவீனமாகும். மாரியில் நன்றாக இருந்த அதே வீட்டு அம்ப் கோடையில் உறுமத் தொடங்கலாம். வயர்மனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உறுமலைக் குறைக்கப் பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிடச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். கம்பியைத் தொடும் உங்கள் கைதான் பிறகு எர்த்.

கோயில் திருவிழா, தேவாலய விழா மேடையில் இது இன்னும் கவனம். ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர், வீட்டிலிருந்து ஒரு வயர் என்று இழுத்து, அம்ப் ஒன்றிலும் மைக்கின் மிக்சர் மற்றதிலும் இருந்தால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது அடிக்கும். இரண்டையும் ஒரே பலகையில் செருகச் சொல்லி சவுண்ட்ஸ்காரருக்குச் சொல்லுங்கள். "சும்மா சுள் எண்டு" என்று யாராவது சொன்னாலும் வாசிப்பதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மிச்சம் இருப்பவை

வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று வருகிறதா? பெட்டியிலேயே கிடந்து உள்ளே படிந்த அழுக்கு. இருபது முப்பது தடவை அங்கும் இங்கும் முழுக்கத் திருப்புங்கள். போகாவிட்டால் எலக்ட்ரானிக் கடையில் விற்கும் கொன்டாக்ட் கிளீனர்.

ஜாக் (வயரைச் செருகும் துளை) ஆடினால் அதன் வெளிப்பக்க உலோக நட்டை மட்டும் இறுக்காதீர்கள். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று வயரை முறித்துவிடும். தகட்டைக் கழற்றி, உள்ளே பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

தடித்த கம்பி மேல் பிரெட்டுகளில் இரண்டு சுரம் சேர்ந்தது போல அலைந்தால், பிக்கப்பின் காந்தம் கம்பியை இழுக்கிறது. கடைசிப் பிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, காந்தத்துக்கு மேலே தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மி.மீ. வெளி விட்டு இறக்குங்கள். இது ஸ்ட்ராட் வகைக்கு.

கோடையில் நெக்கின் ஓரம் கையைக் கீறினால், பிரெட்போர்ட் மரம் காய்ந்து சுருங்கி, பிரெட்டின் நுனி வெளியே வந்திருக்கிறது. மாரியில் தானே உள்ளே போகலாம். அவசரப்பட்டு அராவ வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் கிற்றாரை உறைக்குள் வையுங்கள். முல்லைத்தீவுக் கரையோரம் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் கம்பியைக் காய்ந்த துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள், உப்புக் காற்று கம்பியை விடாது. வாடைக் காற்றோடு மழை பிடித்த பிறகு நெக்கின் வளைவை மறுபடி அளந்து பாருங்கள். ஒவ்வொரு நெக்கும் ஒவ்வொரு பக்கம் போகும், ஊகித்துத் திருகாதீர்கள்.

எழும்பிய பிரெட், முறுகிய நெக், கடைசி வரை திரும்பிவிட்ட ராட், உடைந்த நட்: இந்த நாலில் ஒன்று தெரிந்தால் எதையும் தொடாமல் படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு கடைக்கு அனுப்புங்கள். ஒரு தடவை அரம் பட்டுவிட்டால் உத்தரவாதம் பற்றிப் பேச இடமிருக்காது. திருத்துபவரிடம் கொடுப்பதென்றால், போட விரும்பும் கம்பியின் அளவு, நீங்கள் வைக்கும் டியூனிங், எந்தக் கம்பி எந்தப் பிரெட்டில் உரசுகிறது என்ற மூன்றையும் ஒரு துண்டில் எழுதி உறைக்குள் வையுங்கள். "எல்லாம் பாருங்கோ அண்ணை" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், அவர் தன் கைக்குச் சரியான அளவில் வைத்துத்தான் தருவார்.